குளிர்கால வீரர் மாற்றம் (காற்பந்து)

குளிர்கால வீரர் மாற்றம் என்பது காற்பந்துப் பருவத்தின் இடையில் வீரர் ஒருவர் ஒரு கழகத்திலிருந்து மற்றொரு கழகத்திற்குப் பதிவு மாறுவதைக் குறிக்கும். ஐரோப்பாவின் குளிர்காலத்தில் நிகழ்வதால் இப்பெயர் பெற்றது. இந்தியாவில் இது பெரும்பாலும் ஜனவரி மாதத்தில், அதாவது மார்கழி, தை மாதங்களில் நடைபெறுகிறது.

விதிகள்

பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஃபிஃபா) விதிகளின்படி ஆண்டுக்கு இரண்டு பதிவுக் காலங்கள் உண்டு. ஒன்று பருவத் தொடக்கத்திலும் மற்றொன்று பருவத்தின் நடுவிலும் அமையும். ஒரு வீரர் ஒரு பருவத்தில் மூன்று கழகங்கள் வரை பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பொதுவாக இரண்டு கழகங்களுக்கு மட்டுமே ஆட முடியும்.

சென்னை சிட்டி எடுத்துக்காட்டு

சென்னை சிட்டி கழகம் 2018-19 ஐ-லீக் கோப்பையை ஒரே புள்ளி வேறுபாட்டில் வென்றது. அப்பருவத்தில் அதன் முன்கள வீரர் பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். அடுத்த பருவம் 2019 நவம்பர் இறுதியில் தொடங்கியது. சில வாரங்களிலேயே, 2020 ஜனவரியில், மான்சி ஜப்பானின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிய அல்பிரெக்ஸ் நீகாத்தா கழகத்திற்கு மாறினார். ஜப்பானியப் பருவம் அப்போது பிப்ரவரியில் தொடங்கியது. ஆகவே அங்கு ஜனவரி அணியை உருவாக்கும் காலமாகவும், இங்கு அணி கலையும் காலமாகவும் இருந்தது. சென்னை சிட்டி 2020-21 பருவத்திற்குப் பின் ஐ-லீகில் ஆடவில்லை. ஐ-லீக் 2022-23 பருவத்தில் இந்தியாவின் இரண்டாம் நிலைப் போட்டியானது.

சிறு கழகங்களின் மீதான தாக்கம்

கீழ்நிலைக் கழகங்களுக்கு இம்மாற்றம் வருவாயையும் இழப்பையும் ஒருங்கே தருகிறது. கிடைக்கும் தொகை ஊதியச் செலவுக்கு உதவும். எனினும் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களுக்கு இணையான வீரரைச் சில வாரங்களில் தேடுவது கடினம். ஒப்பந்தம் முடிந்த வீரர் விலகினால் மாற்றுத் தொகையும் கிடைக்காது.

பயிற்சி அளித்த கழகங்களின் பங்கு

ஒப்பந்தக் காலத்தில் வீரர் ஒருவர் பன்னாட்டளவில் தொகைக்கு மாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு அவரது 12 முதல் 23 வயது வரை பயிற்சியளித்த கழகங்களுக்குப் பகிரப்படுகிறது. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடும், அதன்பின் ஆண்டுக்கு 0.5 விழுக்காடும் கிடைக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரத்தில் உறைவிடப் பயிற்சியகம் நடத்தும் எஃப்சி மெட்ராஸ் போன்ற கழகங்களுக்கு இவ்விதி இன்றியமையாதது. இப்பங்கைப் பெற, சிறுவர்களின் பதிவு ஆவணங்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறையாகப் பேண வேண்டும்.