நஞ்சு என்னும் ஒரு சொல்

ஒரு பொருளைச் செய்து விற்பவன் அதன் தீங்கை அறிவான், வாங்குபவன் அறியான். அறிந்தவன் வாய் திறவாதிருந்தால் அது குற்றமாகுமா? அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடை பிறந்த வரலாற்றை மாணவர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

நேரே விலை கொடுத்து வாங்கியவரே விற்றவர்மேல் வழக்காடலாம் என்பது பழைய விதி. 1852-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தளர்த்திற்று. பெல்லடோனா என்னும் நச்சுச் சாறு அடைத்த ஜாடியின்மேல், தீங்கற்ற வேறொரு மூலிகையின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. வணிகர் பலர் கைமாறி வந்த அம்மருந்தை உண்ட பெண்மணி, உயிருக்குப் போராடிப் பிழைத்தார். பெயர் ஒட்டி விற்ற முதல் வணிகரே பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று.

பொய்ப் பெயர் குற்றமாயிற்று. ஆயின், எச்சரிக்கையே இல்லாத டப்பாவுக்கு யார் பொறுப்பு? சலவைக்கும் சோப்புக் காய்ச்சுதற்கும் அந்நாட்டு இல்லங்களில் காஸ்டிக் சோடா வைத்திருந்தனர். பார்வைக்கு அது சர்க்கரை போன்றது. அறியாது விழுங்கிய குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கி அடைபட்டது. உணவிருந்தும் அவர்கள் பட்டினியால் மெலிந்தனர்.

அத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தவர் செவாலியர் ஜாக்சன் என்னும் தொண்டை மருத்துவர். நீரும் விழுங்க இயலாத சிறுமி ஒருத்தியின் அடைப்பை அவர் நீக்க, அவள் நீர் பருகினாள். வந்தவரைக் குணப்படுத்தினால் மட்டும் போதாது, வருமுன் காத்தல் வேண்டும் எனக் கருதிய அவர், பல்லாண்டுகள் சட்டத்துக்காகப் போராடினார். 1927-இல் கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் 12 வகை அரிக்கும் பொருள்களின்மேல், பொருளின் பெயர், தயாரித்தவர் அல்லது விற்பவர் பெயர், ‘நஞ்சு’ என்னும் சொல், விபத்து நேர்ந்தால் செய்யவேண்டிய சிகிச்சை ஆகியவற்றை அச்சிடவேண்டும் என்று அது விதித்தது. 1960-இல் வந்த மற்றொரு சட்டம், தீங்கு தரவல்ல பிற வீட்டுப் பொருள்களுக்கும் எச்சரிக்கையை விதியாக்கிற்று.

நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், போதிய எச்சரிக்கை தாராத உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோர வழி செய்கிறது.

மாணவர்களே, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்னும் வரியை டப்பாக்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அது வணிகர் மனமுவந்து ஈந்த கொடையன்று. துன்புற்ற குழந்தைகளைக் கண்டு வாளாவிராதவர்கள் போராடிப் பெற்ற உரிமை. அதனை ஒருமுறையேனும் நின்று படியுங்கள். படிக்க அறியாதவர்க்குப் படித்துச் சொல்லுங்கள்.