மட்டமான மீன்கள்

போன மார்ச் கடைசியில், வேலை விஷயமாக ஷெஃபீல்ட் போனபோது, ஒரு குட்டையோரம் குளிரில் நாள் முழுக்கத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். மாட்டியது இரண்டே ரோச். அதையும் தண்ணீரிலேயே விட்டாச்சு.

இங்கிலாந்தில் சால்மனும் டிரௌட்டும் கனவான்களின் மீன்கள். ரோச், பிரீம், கெண்டை எல்லாம் 'கோர்ஸ்', அதாவது மட்டம். இந்த ஊர்ப் பட்டறைத் தொழிலாளிகள் ஓய்வு நாளில் பிடித்தது அந்த மட்டத்தைத்தான்.

1878-இல் ஒரு சட்டம் வந்தது: மீன் முட்டையிடும் காலம் என்று மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடத் தடை. துரைமார் வேலை என்றே நினைத்தேன். இல்லையாம். கேட்டதே ஷெஃபீல்ட் தூண்டில்காரர்கள். அவர்களுக்காகக் கொண்டுவந்தவர் அந்தத் தொகுதி எம்.பி. முண்டெல்லா. வாரத்தில் கிடைத்த ஒரே சுகத்தை மீனுக்காக அவர்களே மூன்று மாதம் பூட்டிக்கொண்டார்கள்!

1995-இல் பெரும்பாலான குட்டைகளுக்குத் தடை நீங்கியது. ஆறுகளில் இன்னும் உண்டு. அதனால்தான் அன்றைக்கு நான் குட்டையில் உட்கார முடிந்தது.