குணசேகரனின் குரல்

நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர் பலர், ஆய்ந்தவரும் பலர். ஆய்ந்ததைத் தாமே மேடையேறிப் பாடியவர் மிகச் சிலர். அவருள் முனைவர் கே. ஏ. குணசேகரன் முன்வரிசையில் நிற்பவர்.

சிவகங்கைச் சீமை மாரந்தையில் 1955இல் பிறந்தவர். இளையான்குடி வட்டாரத்து இளமையை ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் எழுதினார். ஊர் ஒதுக்கிய சிறுவனை இசுலாமியர் தெரு வேற்றுமையின்றி ஏற்றது அதில் வருகிறது. பட்ட அவமானங்களைக் குரல் உயர்த்தாது சொல்லும் நூல். மேடையில் முழங்கியவரா இதை எழுதினார் என்று வியக்கத் தோன்றும்.

பருத்திக்காட்டில் உழைத்த அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரைப் புளூஸ் இசையாக்கினர். நம் தெம்மாங்கும் ஒப்பாரியும் அதற்குத் தூரத்து உறவு. குணசேகரன் அவற்றின் மெட்டைச் சிதைக்காமல், சொல்லில் மட்டும் இன்றைய கோபத்தை ஏற்றினார். ‘தன்னானே’ கலைக்குழு அப்பாடல்களை ஊரூராய்க் கொண்டுசென்றது. புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறைப் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநர் என்ற பதவிகள் வந்தபோதும் பாட்டை அவர் விடவில்லை.

இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழகம் அறிந்தது பெரிதும் இவர் குரலால். (அச்சோடு கவிதை முடிந்தது என்றெண்ணும் நம் கவிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) 1968இல் வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததை நினைக்கும் மேடைகளில் அது ஒலித்தது, 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் குடியிருப்புகள் எரிந்ததைக் கண்ட நம் தருமபுரிக்கும் அது அயற்பாட்டு அன்று.

2016 சனவரியில் குணசேகரன் மறைந்தார். அவ்வாண்டு திசம்பரில் இன்குலாபும் மறைந்தார்.