கையுறை போட்டும் கை அரிக்கிறதா?

மேகமலை ஏலம், காபித் தோட்டங்களில் மருந்து தெளித்தபின் கை அரித்தால், பூச்சிக்கொல்லியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். ரப்பர் கையுறையும் காரணமாக இருக்கலாம்.

ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா கலக்கிறார்கள். பிறகு கந்தகம், தையூரம், கார்பமேட் வகை வேதிப்பொருட்கள் சேர்த்துச் சூடேற்றிக் கையுறை தயாரிக்கிறார்கள். இவற்றின் மிச்சம் வியர்வையில் கசிந்து தோலில் படும்.

அறிகுறிகள்

* ஓரிரு நாள் கழித்து அரிப்பு, வெடிப்பு: பெரும்பாலும் வேதிப்பொருள் ஒவ்வாமை.
* சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல், மூச்சுத்திணறல்: ரப்பர் பாலில் உள்ள புரதத்தால் வரும் ஒவ்வாமை. மூச்சுத் திணறினால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். இவர்களில் சிலருக்கு வாழைப்பழம், வெண்ணெய்ப்பழமும் ஒத்துக்கொள்ளாது.

செய்ய வேண்டியவை

* வெறுங்கையால் மருந்து கலக்காதீர்கள்; நஞ்சு தோல் வழியாகவும் உடலில் ஏறும்.
* மருந்து தெளிக்க, மெல்லிய மருத்துவக் கையுறை போதாது. தடிமனான நைட்ரைல் கையுறை வாங்குங்கள். அதில் ரப்பர் பால் புரதம் இல்லை.
* நைட்ரைலிலும் தையூரம், கார்பமேட் இருக்கலாம். அரிப்பு தொடர்ந்தால், பயன்படுத்திய கையுறையின் உறையுடன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.
* பவுடர் பூசிய ரப்பர் கையுறை வேண்டாம். புரதம் பவுடரோடு காற்றில் பரவும்.
* கழற்றும் முன் கையுறையையும், கழற்றியபின் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.