ஒரு பாத்திரமும் பல பந்திகளும்



சென்ற வாரம் நம் சபையின் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அமெரிக்காவில் வாழும் அவருடைய மகள் அனுப்பிய சமையல் குறிப்பு அதில் இருந்தது. தலைப்பு, ஆமிஷ் நூடுல்ஸ் கேசரோல். “ஐயா, இது ஆமிஷ் விசுவாசிகள் குடும்பமாய்க் கூடி உண்ணும் உணவாம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் செய்யலாமா? இதற்கு ஏதாவது வரலாறு உண்டா?” என்று கேட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிம்மக்கல் மைய நூலகத்துக்கு நடந்தேன். திரும்பி வருகையில் சாலையோரக் கடையில் இடியாப்பத் தட்டுகளை ஆவியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாவை இழையாக்கி உண்பது நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் அப்ப வாணிகர் செய்யும் இழை சூழ்ந்த வட்டமான பண்டம் பாலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அது இடியாப்பமே என்று கருதுவோர் உண்டு.

அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதிலைவிடச் சற்று விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன். பதில் சமையலறையில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடவில்லை.

முதலில் உணவு. ஆமிஷ் குடும்பங்களில் இதன் ஒரு வகைக்கு யூமசெட்டி என்று பெயர். (செட்டிநாட்டுப் பலகாரமோ என்று நானும் ஒரு கணம் மயங்கினேன்.) ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் இருந்த மார்செட்டி என்னும் இத்தாலியக் குடும்ப உணவகத்தின் பெயரே இப்படித் திரிந்தது என்பர். ஆகவே இது பழம்பெரும் சமய உணவு எதுவும் அன்று. உழைத்துக் களைத்து வரும் பெரிய குடும்பத்துக்கு ஒரே பாத்திரத்தில் வயிறார இடும் உணவு, அவ்வளவே. ஆறு பேருக்கு 250 கிராம் பட்டை நூடுல்ஸை அரைவேக்காட்டுக்குச் சற்று மேலாக வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். 500 கிராம் கொத்துக்கறியை வெங்காயத்தோடு நீர் வற்ற வதக்கி, மூன்று நான்கு தக்காளியை அரைத்து ஊற்றிக் கெட்டியாக்குங்கள். வேறொரு சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாய் ஊற்றிக் கட்டி விழாமல் கிளறுங்கள். உப்பும் மிளகும் போதும். நூடுல்ஸ், கறி, பால் குழம்பு என அடுக்கடுக்காய்ப் பரப்பி, மேலே துருவிய சீஸும் ரொட்டித் தூளும் தூவி, 180 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் மூடியின்மேல் தணல் இட்டுச் செய்யலாம். இறக்கியவுடன் வெட்டினால் சரிந்துவிடும். பத்து நிமிடம் பொறுங்கள்.

இனி, இதை உண்பவர்களின் வரலாறு. 1525இல் சூரிச் நகரில், விசுவாசித்து அறிக்கையிடும் வயதில் பெறுவதே ஞானஸ்நானம் என்று சொல்லி ஒரு சிறு கூட்டம் புறப்பட்டது. அவர்களை நீரில் மூழ்கடித்தும் தீயிலிட்டும் கொன்றார்கள். எஞ்சியோர் மலைகளிலும் பண்ணைகளிலும் ஒதுங்கி வாழ்ந்தனர். 1693இல் அவர்களுக்குள்ளேயே பிளவு உண்டாயிற்று. யாக்கோபு அம்மான் என்னும் மூப்பர் ஒருபுறம் நின்றார். அவர் பெயரால்தான் ஆமிஷ் என்னும் பெயர் வந்தது. பிளவுக்குரிய காரணங்களில் முதன்மையானது எது தெரியுமா? சாப்பாட்டுப் பந்தி. சபையினின்று விலக்கப்பட்டவனைத் திருவிருந்தில் சேர்க்காமல் விட்டால் போதுமா, அல்லது வீட்டு உணவு மேசையிலும் அவனோடு உண்ணாமல் இருக்க வேண்டுமா? 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் கூறுவதை அம்மான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்: கணவனானாலும் மகனானாலும் உடன் உண்ணலாகாது. மறுதரப்பார் ஒப்பவில்லை, சபை உடைந்தது. அம்மானின் வழி வந்தவர்கள் 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினர். இன்றும் கட்டுப்பாடு மிகுந்த ஆமிஷ் வீடுகளில் விலக்கப்பட்டவருக்குத் தனி மேசை இடுவதுண்டு. சில வீடுகளில் இரு மேசைகளை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி வைத்து உணவைப் பரிமாறுவார்கள். அந்தச் சிறு இடைவெளியில் ஒரு தாயின் தவிப்பு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படித்ததும், “இதென்ன கொடுமை” என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் சொன்னேன். ஆனால் நாம் குடியிருக்கும் இந்த மதுரையின் திருச்சபை வரலாறும் ஏறத்தாழ முழுவதும் பந்தியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1606இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது, இங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைத் துறவி பரதவ கிறிஸ்தவர்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள், ஒரே ஆண்டவரை வணங்கியவர்கள். ஆயினும் நோபிலி தனிக் குடியிருப்பு அமைத்துக்கொண்டார், புலால் நீக்கினார், பிராமணர் சமைத்ததை நாளுக்கு ஒருவேளை உண்டார், பெர்னாண்டஸோடு உடன் உண்பதைத் தவிர்த்தார். பறங்கி என்று எண்ணப்பட்டவரோடு அமர்ந்தால் உயர்சாதியார் தம்மிடம் வர மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பெர்னாண்டஸ் மனம் நொந்து மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் முறைகளுக்குப் பெரும்பாலும் இசைவளித்தார். நோபிலியின் தமிழ்ப் புலமையையும் தியாகத்தையும் நான் குறைத்துப் பேசேன். ஆனால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது? 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களிடையே ஊழியம் செய்யப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்களே தேவைப்பட்டனர்.

இருநூறு ஆண்டுகள் கடந்து, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கன் மிஷனெரிகள் மதுரைக்கு வந்தார்கள். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய செமினரியை 1845இல் பசுமலைக்கு மாற்றினார்கள். அவர்கள் நோபிலிக்கு நேர்எதிர்த் திசையில் சென்றனர். 1847இல் அவர்களுடைய மிஷன் ஒரு தீர்மானம் செய்தது. சாதி என்பது புறமதத்தின் சாரம். அதைத் துறந்தேன் என்று வாயால் சொன்னால் போதாது. தகுந்த வேளையில் எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் அமர்ந்து உண்ண ஆயத்தமாயிருப்பதே அதன் குறைந்தபட்ச அடையாளம் என்பது அதன் கருத்து. சோற்றுப் பந்தியே சோதனையாயிற்று. சபையார் பலர் மறுத்தனர். திருவிருந்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். அவர்களில் மற்றவர்களுக்கு வேதத்தைப் போதித்துவந்த உபதேசிமாரும் அடக்கம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. தரங்கம்பாடிப் பக்கத்து லைப்சிக் மிஷனோ இத்தகைய சோதனையை ஏற்கவில்லை. உடன் உண்பதைக் கட்டாயமாக்குவது சுவிசேஷத்தைச் சட்டமாக்குவதாகும் என்ற நோக்கு அவர்களுடையது.

யார் சரி? செமினரியில் படித்த நாட்களில் நான் லைப்சிக் பக்கம் நின்று வாதிட்டவன். மனம் மாறுவதற்கு முன் கைகளைக் கட்டாயப்படுத்துவதில் என்ன பயன் என்று கேட்பேன். இப்போது அப்படி வாதிட மாட்டேன். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பின்வாங்கினார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் தம் உபதேசத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பந்தியைவிட்டு எழுந்தார், அவ்வளவே. அதற்காகவே பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்து நின்றார். ஆமிஷ் மக்கள் பந்தி பிரிப்பது ஒருவன் செய்த செயலுக்காக. அவன் மனந்திரும்பினால் மேசைகள் மீண்டும் சேரும். நாம் பிரித்ததோ பிறப்புக்காக. பிறப்பிலிருந்து மனந்திரும்புவது எப்படி?

என் மனம் மாறியது நூல்களால் மட்டும் அன்று. திருமங்கலத்துக்கு அப்பால் உள்ள எங்கள் கிராமத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உபதேசியார் ஐயா எங்கள் பாட்டி வீட்டுக்குச் சாப்பிட வருவார். பாட்டி விடியுமுன் எழுந்து வேதம் வாசிப்பவர். உபதேசியாரை வெறுங்கையோடு ஒருநாளும் அனுப்பாதவர். எங்களுக்கெல்லாம் உள்ளே வெண்கலத் தட்டு. அவருக்குத் திண்ணையில் பாய் விரித்துத் தலைவாழை இலை. விருந்தாளிக்கு இலை போடுவது மரியாதை அல்லவா? பாட்டி அவரை எவ்வளவு மதிக்கிறார் என்று சிறுவனாகிய நான் பெருமிதம் கொண்டிருந்தேன். பாட்டி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், நான் குருப்பட்டம் பெற்ற வாரத்தில், என் தாயார் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்: இலையைக் கழுவ வேண்டியதில்லை, எறிந்துவிடலாம்.

உபதேசியார் ஐயாவுக்கு அது தெரிந்திருக்குமா என்று நான் கேட்டேன். “தெரியாமல் இருக்குமா?” என்றார் அம்மா. தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, உண்டு, கைகழுவி, அந்த வீட்டுக்காக ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு முதன்முதலில் சங்கீதங்களை மனப்பாடம் செய்வித்தவர் அவரே.

சகோதரியே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூடுகையில் இந்த நூடுல்ஸைத் தாராளமாய்ச் செய்யலாம். மேலே சொன்ன அளவு ஆறு பேருக்கு. நாற்பது பேருக்கு ஏழு மடங்கு வேண்டும். சீஸ் விலை கூடுதல் என்பதால் பாதியாகக் குறைத்தாலும் சுவை கெடாது. ஆலயத்தின் பின்புற அறையில் எவர்சில்வர் தட்டுகள் போதுமானவை உள்ளன. இலை வாங்க வேண்டாம். உண்டு முடித்தபின் தட்டுகளைக் கழுவ நானும் வருகிறேன்.