குளம் கட்டியவர்களும் நூல் எழுதியவர்களும்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுகின்ற எவரும் குளத்திலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி. புளியங்குளம், செட்டிகுளம், பாவற்குளம், வவுனிக்குளம், சாளம்பைக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆறு வற்றிப் போகின்ற, மழை சில மாதங்களுக்கு மட்டும் பெய்கின்ற நிலத்தில், பெய்த மழையை மறித்து வைத்தவன் பிழைத்தான். மறித்து வைத்ததைத் துருசு வழியாக அளந்து விட்டவன் இரண்டு போகம் விதைத்தான்.

குளம் என்பது ஒரு நாளில் நடந்து முடிகின்ற வேலை அன்று. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. அது நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரும் அணையை ஒரு தடவைக்கு மேல் உயர்த்தவேண்டியிருந்தது. முதற் கூடை மண்ணைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் கண்டிருப்பார்கள்? இன்று கிளிநொச்சி என்று நாம் அறிகின்ற ஊரும் அதன் வயல்வெளியும் அந்தப் பொறுமையின் மேல்தான் நிற்கின்றன.

இதனை நான் இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நமது இலக்கியக் கூட்டங்களில் இளம் எழுத்தாளர்கள் அடிக்கடி சொல்கின்ற ஒரு வாக்கியம் இருக்கிறது: "நிலைமை கொஞ்சம் சீரானதும் எழுதலாம் என்றிருக்கிறேன்." வேலை நிரந்தரமானதும், வீடு கட்டி முடிந்ததும், பிள்ளைகள் படித்து முடிந்ததும் என்று அந்தச் 'சீர்' தள்ளித் தள்ளிப் போகின்றது. வன்னியைப் பற்றி எழுதியவர்களின் கதையைப் பார்த்தால், நிலைமை அவர்கள் எவருக்கும் சீராகவே இருந்ததில்லை. ஆயினும் நூல்கள் வந்தன. அவை எப்படி வந்தன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

அதிகாரியின் குறிப்பேடு

வன்னியைப் பற்றி எழுந்த பழைய செய்யுள் நூல்களுள் வையாபாடல் முக்கியமானது. வன்னியர் வந்த கதையைச் சொல்வது அது. ஆனால் ஊர் ஊராக, குளம் குளமாக வன்னியைப் பதிந்து வைத்த பெருநூல் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கையால் வந்தது. அவர் ஜோன் பென்றி லூயிஸ். 1877இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தவர். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னி மாவட்டங்களைப் பற்றி அவர் எழுதிய கைநூல் 1895இல் கொழும்பில் அரசாங்க அச்சகத்தால் வெளியிடப்பட்டது. சேவையில் சேர்ந்ததற்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்.

அக்கால வன்னி காய்ச்சலுக்குப் பேர்போனது. சனத்தொகை சொற்பம், பாதைகள் அரிது, கைவிடப்பட்ட குளங்கள் பல. அப்படிப்பட்ட நிலத்தில் நிர்வாகம் செய்ய வந்தவர், கச்சேரிக் கோவைகளோடு தம் கடமை முடிந்தது என்று இருந்திருக்கலாம். லூயிஸ் அவ்வாறு இருக்கவில்லை. குளங்கள், பயிர்ச்செய்கை, காடு, மக்கட் பிரிவுகள், வழக்காறுகள், பழைய வரலாறு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொகுத்தார். வன்னியின் இடப்பெயர்களைத் தனியே ஆராய்ந்து றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். இலங்கையின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள சாசனங்களை அவர் தொகுத்த பட்டியல் 1913இல் வெளிவந்தது. கல்லில் இருப்பதைத் தாளில் இறக்கி வைக்கின்ற பழக்கம் இறுதிவரை அவரை விடவில்லை என்பதே இதன் பொருள்.

லூயிஸின் நூல் ஆள்வோரின் கண்ணால் எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. வரி, நிலம், சனத்தொகை என்று எண்ணக்கூடியவை அதில் நிரம்ப உண்டு. விதைத்துவிட்டு வானம் பார்த்து நின்ற பெண்ணின் மனம் அதில் இல்லை. அது இருக்க நியாயமும் இல்லை. எனினும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஒரு குளத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ தேடுகின்ற ஆய்வாளன் அவரிடந்தான் போகவேண்டியிருக்கிறது. அன்றாடக் கடமையையே தமது எழுத்துக்கு மூலப்பொருளாக்கிக்கொண்டவர் அவர். எழுதுவதற்கென்று ஓய்வை அவர் காத்திருக்கவில்லை.

வயலும் எழுத்தும்

லூயிஸின் நூலில் இல்லாத அந்தக் குரலை வன்னி மண்ணிலிருந்தே ஒருவர் எழுதினார். பரந்தன், குமரபுரத்தில் 1953இல் பிறந்த தாமரைச்செல்வி விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1970களின் முற்பகுதியில் எழுதத் தொடங்கினார். அவரது முதல் நாவலான 'சுமைகள்' 1977இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. 'விண்ணில் அல்ல விடிவெள்ளி' 1992இலும் 'தாகம்' 1993இலும் நூலாயின. முதல் நாவலுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். இந்த இடைவெளியை மௌனம் என்று எண்ணிவிடக்கூடாது. சிறுகதைகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அவரது சிறுகதைகள் இருநூறைத் தாண்டும்.

அவை எந்தக் காலத்தில் எழுதப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் பாரம் விளங்கும். 1990களில் வன்னிக்குள் எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை ஆகியவை செல்வதற்குத் தடை இருந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் எட்டாத விலை. இரவில் ஒரு பக்கம் எழுதுவதென்றால் அவ்வளவு நேரம் விளக்கு எரியவேண்டும். அந்த எண்ணெய் வீட்டின் வேறொரு தேவையிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். 1996இல் சத்ஜய இராணுவ நடவடிக்கையின்போது கிளிநொச்சி நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் இடம்பெயர்ந்தன. 1998இல் நகரம் மீண்டும் கைமாறியது. 2009 ஜனவரியில் இன்னொரு முறை. போர் முடிந்தபோது வன்னியின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் பக்கத்து முகாம்களில் இருந்தார்கள்.

இந்த இடிபாடுகளுக்கு நடுவேதான் 'ஒரு மழைக்கால இரவு' 1998இல் வந்தது. 'வீதியெல்லாம் தோரணங்கள்' 2003இல் வந்தது. 'பச்சை வயல் கனவு' 2004இல் வந்தது. இறுதியாகச் சொன்ன நாவலை நான் விசேடமாகக் குறிப்பிட விரும்புகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய மனிதர்களின் கதை அது. ஊர் ஒன்று உருவான வரலாற்றை அந்த ஊரே சிதைந்துகொண்டிருந்த காலத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். முதற் குடியேறிகளின் தலைமுறை கண்முன்னே மறைந்துகொண்டிருந்தது. இனியும் தாமதித்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது. புலம்பெயர்ந்து அவுஸ்திரேலியா சென்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. படகேறிய அகதிகளின் கதையான 'உயிர்வாசம்' 2019இல் வெளியாயிற்று. 'சுமைகள்' நாவலிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்திரண்டு ஆண்டுகள்.

இவ்வளவு நீண்ட உழைப்பை ஆவேசத்தால் மட்டும் சாதிக்க முடியாது. ஆவேசம் ஒரு கதையை எழுதித் தரும். இருநூறு கதைகளை எழுதித் தருவது பழக்கம். விவசாயிக்கு அது புதிதன்று. காலபோகம் வெள்ளத்தில் அழிந்தது என்பதற்காகச் சிறுபோகத்தை எவனும் விட்டுவிடுவதில்லை.

தொண்ணூறுக்குப் பின்

நமது பக்கத்துக்கு வருகிறேன். வன்னியில் முஸ்லிம்களின் வாழ்வு பழையது. முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம். வவுனியாவில் பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு. கிளிநொச்சி மாவட்டத்தில் நாச்சிக்குடா என்று நமது ஊர்கள் தமிழ் ஊர்களோடு வரம்புக்கு வரம்பு பொருந்திக் கிடந்தன. ஒரே குளத்துத் தண்ணீர், ஒரே வாய்க்கால். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். கையில் எடுத்துவர முடிந்தது சொற்பம். வீட்டோடு காணி உறுதிகள் போயின, புகைப்படங்கள் போயின, கணக்குக் கொப்பிகளும் கையெழுத்துப் படிகளும் போயின.

அந்த வேளையில் இரண்டு விதமான எழுத்து தேவைப்பட்டது. ஒன்று கணக்கு, மற்றது கவிதை.

கணக்கை எடுத்தவர்களுள் முதன்மையானவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். வெளியேற்றப்பட்டவர்களின் இழப்புகளைத் தரவுகளாகத் திரட்டி, அவர்களை மறக்கப்பட்ட மக்கள் என்று சுட்டி அவர் எழுதிய ஆங்கில நூல் 2001இல் வெளிவந்தது. வெளியேற்றத்துக்கும் நூலுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். கோபத்தோடு ஒரு துண்டுப்பிரசுரம் எழுத ஓர் இரவு போதும். எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று எண்ணி நிறுவுவதற்கு ஆண்டுகள் வேண்டும். ஓர் இரவில் எழுதிய பிரசுரத்தை மறுத்துப் பேசிவிடலாம். எண்ணி நிறுவியதை மறுப்பது கடினம். 2018இல் காலமாகும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி 2009இல் அமைக்கப்பட்ட பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்ததும் 2011இல்தான். இருபத்தோராண்டுக் காத்திருப்பு.

கவிதையின் பக்கம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் முல்லை முஸ்ரிபா. அவரது 'இருத்தலுக்கான அழைப்பு' 2003இல் வந்தது; 'அவாவுறும் நிலம்' 2009இல் வந்தது. வெளியேற்றத்துக்கும் முதல் தொகுப்புக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். மண்ணை இழந்தவன் தன் பெயருக்கு முன்னால் அந்த மண்ணின் பெயரை விடாமல் வைத்துக்கொள்வதும் ஒருவகைப் பதிவுதான். உறுதிப்பத்திரம் தொலைந்துபோன இடத்தில் கவிஞனின் பெயரே உறுதிப்பத்திரமாக நிற்கின்றது. இழப்பின் மறுநாளே எழுதப்படும் கவிதையில் அழுகை முந்திக்கொள்ளும். ஆண்டுகள் கழித்து எழுதப்படும் கவிதையில் நிலம் தெரியும். காலம் அந்த வேறுபாட்டைச் செய்கிறது. ஆனால் அந்தக் காலம் முழுவதும் கவிஞன் சொல்லோடு பழகிக்கொண்டிருந்தால்தான் அது நிகழும்.

சபூர் என்னும் அணை

நமது வீடுகளில் துயரம் நேரும்போது "சபூர் செய்யுங்கள்" என்று ஆறுதல் சொல்வோம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் சபூர் என்று பலர் விளங்கிவைத்திருக்கிறார்கள். 'ஸப்ர்' என்ற அரபுச் சொல்லின் வேரில் மறித்து வைத்தல், தடுத்து நிறுத்தல் என்னும் பொருள் உண்டு. குளத்து அணை செய்கின்ற வேலை அதுவே. வெள்ளத்தை மறிக்கிறது, வீணே ஓடிவிடாமல் வைத்திருக்கிறது, துருசைத் திறந்து வேண்டிய வயலுக்கு வேண்டிய அளவு அனுப்புகிறது. அணை சும்மா இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இரவும் பகலும் அது தண்ணீரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எழுத்தாளனின் பொறுமையையும் நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். உணர்ச்சியை மறித்து வைப்பதும், நாள்தோறும் அளவாகத் திறந்துவிடுவதும் அதன் இரு பகுதிகள். ஒன்றை விட்டால் மற்றது பயனற்றது. திறக்கவே திறக்காத துருசுக்குக் கீழே வயல் காயும்.

இன்றைய நிலைமையில் இது வெறும் தத்துவப் பேச்சாக இருக்க முடியாது. 1990இல் நாற்பது வயதாக இருந்தவர் இன்று எழுபத்தைந்தை எட்டியிருப்பார். தண்ணீரூற்றின் ஒழுங்கைகளும் சூடுவெந்தபுலவின் வயல் வரம்புகளும், எந்தக் கிணற்றில் யார் யார் தண்ணீர் அள்ளினார்கள் என்பதும் அவர்களது நினைவில்தான் இருக்கின்றன. 2009க்குப் பின்னர் திரும்பிச் சென்ற குடும்பங்களில் வளர்கின்ற பிள்ளைகளுக்கு அந்த ஊர் புதிய ஊர். புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது கேள்விப்பட்ட ஊர். இரு சாராருக்கும் நடுவே பாலமாக இருக்கக்கூடியவை நூல்களே. வந்திருக்கின்ற நூல்கள் போதா.

பெரிய திட்டங்கள் தீட்டத் தேவையில்லை. ஒருவர் தம் ஊரிலிருந்து தொடங்கட்டும். லூயிஸ் செய்ததுபோல இடப்பெயர்களை முதலில் எழுதி வைக்கலாம். ஹஸ்புல்லாஹ் செய்ததுபோல எண்ணி எழுதலாம். கிழமைக்கு ஒரு முதியவரிடம் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டால், வருடத்துக்கு ஐம்பது பேர். கேட்டதை அன்றிரவே கொப்பியில் இறக்கிவிடவேண்டும். நாளைக்கு என்று வைத்தால் சொன்னவரின் வார்த்தை போய் நமது வார்த்தை மட்டுமே எஞ்சும். கதை எழுத வருபவர்களுக்கு அந்தக் கொப்பியே குளமாகும். அச்சில் வருவதற்கு ஐந்து வருடமோ பத்து வருடமோ செல்லலாம். அதற்கு அஞ்சவேண்டியதில்லை. இரணைமடுவுக்கு இருபது வருடம் சென்றது.

மாரி வருவதற்கு முன்னர் வரம்பு கட்டுவதுதான் வன்னியின் வழக்கம். மழை தொடங்கிய பிறகு மண்வெட்டி தேடுபவனுக்கு அந்த வருடம் விளைச்சல் இல்லை.