பிரான்சின் பசுமை வழிகள்: ஒரு வரலாறு

பசுமை வழிகள் பிரான்சில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட, மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லாத பாதைகள். பிரெஞ்சில் இவை வுவா வேர்த் எனப்படுகின்றன. நாட்டுப்புறங்களில் இவற்றில் பல, சரளையோ இறுக்கப்பட்ட மணலோ பரப்பிய தடங்களாக உள்ளன. சைக்கிளுக்கென்று புதிதாக வெட்டப்பட்டவை குறைவு. பெரும்பாலானவை கால்வாய்க் கரைகளில் படகு இழுப்பதற்காக அமைந்த பாதைகள், அல்லது தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ரயில் தடங்கள்.

கால்வாய்கள் ரயிலிடம் தோற்றன. சிற்றூர் ரயில்கள் மோட்டார் வாகனத்திடம் தோற்றன. இரண்டும் விட்டுச்சென்ற நிலத்தின் மீதே இன்றைய பசுமை வழிகள் அமைந்துள்ளன. அந்த நிலம் துண்டு துண்டாக விற்கப்படாமல் ஒரே நீளமாகப் பொதுச்சொத்தாக நீடித்த இடங்களில் மட்டுமே முழுமையான பாதை சாத்தியமானது. ஆகவே பசுமை வழிகளின் வரலாறு பெருமளவில் ஒரு நிலவுரிமையின் வரலாறு.

படகு இழுத்த பாதைகள்

இயந்திரப் படகுகள் வருவதற்கு முன் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து மனிதர்களோ குதிரைகளோ கயிறு கட்டி இழுத்தனர். அதற்குக் கரையோரமாகத் தடையற்ற பாதை தேவைப்பட்டது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காலத்தில், 1669-ல் வெளியான நீர்நிலைகள், காடுகள் குறித்த அரசாணை, படகு செல்லும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருப்போர் 24 அடி அகலத்துக்கு வழி விடவேண்டும் என்று விதித்தது. இன்றைய சட்டத்திலும் அது 7.80 மீட்டர் என்ற அளவில் தொடர்கிறது.

ஆற்றங்கரையில் நிலம் தனியாருடையதாகவே இருந்தது. வழிவிடும் கடமை மட்டுமே அதன் மேல் சுமத்தப்பட்டது. செயற்கைக் கால்வாய்களில் கரையும் பாதையும் கால்வாயின் பகுதியாகவே அமைந்து, பின்னர் அரசுடைமையாயின. பிரான்சில் நீண்ட, இடையறாத கரைப் பாதைகள் ஆறுகளைவிடக் கால்வாய்களை ஒட்டி எளிதாக அமைந்ததற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

தெற்கிலுள்ள மிடி கால்வாய் இதற்கு நல்ல சான்று. பியேர்-பால் ரிக்கே முன்னெடுத்த இக்கால்வாய்க்கு 1666-ல் அரசாணை கிடைத்தது. 1681-ல் வேலை முடிந்தது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்தின் தோ உப்பங்கழி வரை 240 கி.மீ. நீளம் கொண்டது. 1857-ல் போர்தோவையும் சேத் துறைமுகத்தையும் இணைக்கும் ரயில் பாதை நிறைவடைந்தது. அடுத்த ஆண்டே கால்வாயின் நிர்வாகம் போட்டியாளரான ரயில் நிறுவனத்துக்கே 40 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. சரக்குப் போக்குவரத்து அதன்பின் பழைய நிலையை அடையவில்லை.

பிரித்தனியின் கால்வாய்

வடமேற்கில் பிரித்தனிப் பகுதியின் நாந்த்-பிரெஸ்ட் கால்வாய் போர்த் தேவையிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயக் கடற்படை கடல்வழியை முற்றுகையிட்டதால், பிரெஸ்ட் போர்த்துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகப் பொருள் கொண்டுசெல்ல நெப்போலியன் விரும்பினார். 1811-ல் பணி தொடங்கியது. அவர் வீழ்ந்தபின் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. க்ளோமெல் என்ற ஊருக்கருகே மேட்டுநிலத்தைப் பிளந்து செல்லும் பெரும் அகழி 1823 முதல் 1832 வரை தண்டனைக் கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்டது.

364 கி.மீ. நீளமும் படகுகளை ஏற்றி இறக்கும் 238 லாக்குகளும் கொண்ட கால்வாய் 1842-ல் முழுமையாகத் திறந்தபோது முற்றுகை பழங்கதையாகிவிட்டது. 1865-ல் பாரிசிலிருந்து பிரெஸ்டுக்கு ரயில் வந்தது. கால்வாய் உள்ளூர்ச் சரக்குக்கு, முக்கியமாகக் கூரைக்கான பலகைக்கல், உரம் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. 1923-ல் தொடங்கி 1930-ல் முடிந்த கெர்லெதான் மின் அணையின் நீர்த்தேக்கத்தில் 17 லாக்குகள் மூழ்கின. கால்வாய் இரண்டாக அறுபட்டது. படகுப் பயணம் அறுபட்டாலும் கரைப் பாதை எஞ்சியது. இன்று பிரான்சின் நீண்ட சரளைத் தடங்களில் ஒன்று இக்கால்வாயை ஒட்டிச் செல்கிறது.

சிற்றூர்களுக்கு வந்த ரயில்

1865-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், முதன்மைத் தடங்களிலிருந்து விலகிய ஊர்களுக்கு மாவட்ட நிர்வாகங்களே சிறு ரயில் பாதைகள் அமைக்க வழிசெய்தது. 1879-ல் பொதுப்பணி அமைச்சர் ஷார்ல் த ஃப்ரேசினேயின் திட்டம் 181 புதிய தடங்களைப் பட்டியலிட்டது. அவற்றின் மொத்த நீளம் சுமார் 8,800 கி.மீ. கோட்டத் தலைநகரங்கள் ஒவ்வொன்றையும் ரயிலால் இணைப்பது அதன் நோக்கம். அதே ஆண்டின் இன்னொரு சட்டம் முதன்மைக் கால்வாய்களின் லாக்குகளுக்குப் பொது அளவை விதித்தது.

பிரித்தனியின் நடுப்பகுதியில் கார்ஹே நகரை மையமாகக் கொண்டு மீட்டர் கேஜ் ரயில் வலை உருவாயிற்று. அதன் முதல் தடம் 1891-ல் கார்ஹேயையும் மோர்லே நகரையும் இணைத்தது. சந்தைக்குப் போகும் விவசாயிகளும் பாரிசுக்கு வேலை தேடிச் சென்ற இளைஞர்களும் இந்த ரயில்களில் சென்றனர்.

1930-களில் பேருந்தும் லாரியும் இத்தடங்களின் வருவாயைக் குறைத்தன. 1938 ஜனவரி 1 அன்று தேசிய ரயில் நிறுவனம் உருவானதும், இழப்பில் ஓடிய பல்லாயிரம் கி.மீ. தடங்களில் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டுப் பேருந்துகள் விடப்பட்டன. போருக்குப் பின் மேலும் பல தடங்கள் மூடப்பட்டன. கார்ஹேயின் மீட்டர் கேஜ் வலையில் பெரும்பகுதி 1967-ல் முடிவுக்கு வந்தது. கார்ஹேயிலிருந்து கேங்கான் வழியாகப் பேம்போல் வரையிலான தடம் மட்டும் ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையாகத் தப்பியது.

மூடப்பட்ட தடங்களில் சில இடங்களில் தண்டவாளம் பழைய இரும்பாக விற்கப்பட்டது. நிலையங்களும் கேட் கீப்பர் வீடுகளும் தனியார் குடியிருப்புகளாயின. சில ஊர்களில் தடத்தின் நிலமே அருகிலிருந்த வயல்களோடு சேர்ந்தது. அங்கெல்லாம் பின்னாளில் தொடர்ச்சியான பாதை அமைக்க முடியவில்லை. இன்றைய பசுமை வழிகள் சில ஊர்களில் திடீரென முடிந்து, சில கி.மீ. தார்ச்சாலைக்குப் பின் மீண்டும் தொடங்குவதற்குக் காரணம் அந்த விற்பனைகளே.

சைக்கிள் சுற்றுப்பயணம்

பாதைகள் கைவிடப்படுவதற்கு முன்பே பிரான்சில் சைக்கிள் சுற்றுப்பயண மரபு வலுவாக இருந்தது. வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட பால் த விவி (1853–1930) செந்த்-எத்தியேன் நகரைச் சேர்ந்தவர். சைக்கிளுக்கென ஓர் இதழ் நடத்தினார். மலைப்பகுதிகளில் நெடும்பயணம் செய்தார். கியர் மாற்றும் அமைப்பைப் பந்தய உலகம் ஏளனம் செய்தபோது அதற்காக வாதாடினார். 1930-ல் அவர் தம் ஊரிலேயே டிராம் மோதி இறந்தார்.

அக்காலத்துச் சாலைகளில் பல சரளைச் சாலைகளே. ஆகவே பிரெஞ்சுச் சுற்றுப்பயணிகள் 650 பி எனப்படும் சற்றே அகலமான டயர்களைப் பயன்படுத்தினர். 1936-ல் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் விடுமுறை கிடைத்ததும், சைக்கிளிலும் இருவர் மிதிக்கும் டேண்டமிலும் பயணம் புறப்படுவது பரவியது. போருக்குப் பின் சாலைகள் தார் பூசப்பட்டன. அவற்றில் கார்கள் நிறைந்தன. நாட்டுப்புறச் சாலை சைக்கிள் ஓட்டுபவருக்கு ஆபத்தான இடமாயிற்று.

முதல் பசுமை வழி

ஸ்பெயின் 1993-ல் பழைய ரயில் தடங்களைப் பாதைகளாக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பெல்ஜியத்தின் வலோனியப் பகுதி 1995-ல் தன் ரயில் தடங்களையும் கால்வாய்க் கரைகளையும் இணைக்க முடிவெடுத்தது. பிரான்சில் பசுமை வழி என்ற பெயரோடு முதலாவதாக அறியப்படும் பாதை 1997-ல் பர்கண்டிப் பகுதியின் சாவோன்-எ-லுவார் மாவட்டத்தில் திறக்கப்பட்டது. ஜிவ்ரி முதல் க்ளுனி வரையிலான சுமார் 44 கி.மீ. பழைய ரயில் தடம் அது. திராட்சைத் தோட்டங்களையும் புக்சி, கோர்மத்தான், தைசே ஆகிய ஊர்களையும் ஒட்டிச் செல்கிறது.

இப்பாதை பின்னர் தெற்கே நீண்டபோது சுமார் 1.6 கி.மீ. நீளமுள்ள புவா க்ளேர் ரயில் சுரங்கம் அதில் சேர்ந்தது. ரயில் நின்ற காலத்தில் வௌவால்கள் அங்கே குடியேறியிருந்தன. அதனால் குளிர்காலத்தில் சுரங்கம் மூடப்பட்டு, பயணிகள் மலைக்கணவாய் வழியாகத் திருப்பி விடப்படுகின்றனர்.

ரயில் தடங்கள் சைக்கிளுக்குப் பொருந்தியதற்கு அவற்றின் பொறியியல் காரணம். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே 100 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் உயர்வது அரிது. மலைப்பகுதியிலும் முதியவர்களும் குழந்தைகளும் மிதித்துச் செல்லக்கூடிய சரிவு அது. தெற்கே மசாமே முதல் பெதாரியு வரை, சுமார் 80 கி.மீ. நீளும் பாசா பைஸ் என்ற பாதை, உயர் லாங்கெதோக் மலைகளின் அடிவாரத்தில் பழைய பாலங்கள், சுரங்கங்கள் வழியே செல்கிறது.

சட்டமும் நிலமும்

கால்வாய்க் கரைகளில் அனுமதியின்றி வாகனம் செலுத்துவதை 1932-ன் ஆணை ஒன்று தடுத்திருந்தது. சைக்கிள் பொறுத்துக்கொள்ளப்பட்டதே தவிர, உரிமை பெற்றிருக்கவில்லை. பின்னர் நீர்வழி நிறுவனத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் இடையே ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. பாதையின் பராமரிப்பை உள்ளாட்சி ஏற்றது. கால்வாய்ப் பணிக்கான வண்டிகளை ஓட்டும் உரிமை நீர்வழி நிறுவனத்திடம் இருந்தது.

2004 செப்டம்பர் 16 நாளிட்ட ஆணை போக்குவரத்துச் சட்டத்தில் பசுமை வழியைச் சேர்த்தது. மோட்டார் இல்லாத வாகனங்கள், நடப்பவர்கள், குதிரை மேல் செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமான பாதை என்று அது வரையறுத்தது. வெலோரூட் என்பது வேறு. அது குறியீடுகளுடன் கூடிய நெடுந்தொலைவு சைக்கிள் வழி. கார்கள் குறைவாக ஓடும் சாலைகளும் அதில் இடம்பெறலாம். 2012-ல் தொடங்கப்பட்ட வெலோதிசே, ரோஸ்காஃப் முதல் ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய் வரை 1,200 கி.மீ.க்கும் மேல் செல்கிறது. அதில் கார்ஹேயின் பழைய ரயில் தடமும் நாந்த்-பிரெஸ்ட் கால்வாய்க் கரையும் இணைந்துள்ளன.

சரளையா, தாரா

பாதையின் மேற்பரப்பு இன்றும் தீராத விவாதம். தார் பூசினால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் எளிதாகச் செல்லும். மழையில் சேறாகாது. இறுக்கிய மணலும் சரளையும் மரவேர்களுக்கும் மண்ணுக்கும் உகந்தவை, குதிரைகளுக்கும் ஏற்றவை. ஆனால் அடிக்கடி செப்பனிட வேண்டும். மிடி கால்வாயில் துலூஸ் பக்கத்துக் கரை தார் பூசப்பட்டது. கிழக்கே செல்லச் செல்ல மண்ணும் சரளையும் வேர்களுமாகத் தடம் கரடாகிறது. அக்கரையின் பிளேன் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் 2006-ல் கண்டறியப்பட்டது. அதன்பின் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்பட்டு, நிழலற்ற நீண்ட பகுதிகள் உருவாயின.

அமெரிக்காவின் பண்ணைச் சாலைகளில் 2000-களில் வளர்ந்த கிராவல் சைக்கிள், அடுத்த பத்தாண்டில் பிரான்சிலும் பரவியது. அகலமான டயரும் வளைந்த கைப்பிடியும் கொண்ட இவ்வகை சைக்கிள்களில் சிலவற்றில் பழைய 650 பி அளவு மீண்டும் வந்துள்ளது. தார் பூசப்படாத கரைகளைத் தேடி வருபவர்கள் இதனால் பெருகினர்.

இழப்பும் மீட்பும்

பசுமை வழிகள் வரவேற்கப்பட்ட அளவுக்கு ஐயங்களையும் சந்தித்தன. சைக்கிளால் கோடையில் பயணிகள் வருவர். ஆனால் கார் ஓட்டாத முதியவரோ பள்ளி மாணவரோ மழைநாளில் நகருக்குச் செல்ல முன்பிருந்த ரயிலுக்கு அது மாற்றாகாது. தடம் பாதையாகிவிட்டால் ரயில் ஒருபோதும் திரும்பாது என்று ரயில் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். இதை முன்னிட்டுப் பல இடங்களில் நிலத்தின் உரிமையை ரயில் துறை வைத்துக்கொண்டு, நிர்வாகத்தை மட்டும் மாவட்டத்துக்கு மாற்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. தேவைப்பட்டால் தடத்தைத் திரும்பப் பெறலாம்.

அந்த ஏற்பாட்டில் சைக்கிள் பாதை ஒரு காவலாகவும் செயல்படுகிறது. ஆட்கள் புழங்கும் தடத்தில் முட்புதர் மூடுவதில்லை. யாரும் வேலி நகர்த்துவதில்லை. பாலங்கள் பழுது பார்க்கப்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான நில உரிமையாளர்களிடமிருந்து கையகப்படுத்திச் சேர்த்த குறுகிய நீள்நிலத்தை, ஒருமுறை சிதறவிட்டால் இன்றைய விலையில் மறுபடி சேர்ப்பது கடினம். தடம் எதிர்காலத்தில் எதற்குப் பயன்படும் என்ற முடிவு, நிலம் பொதுவில் இருக்கும் வரை அடுத்த தலைமுறைகளிடமும் இருக்கும்.